ரோடு ரேஸுக்கு 45 வயது தாமதமா? 13 வயது சீக்கிரமா?

கேள்வி (மார்ச் 2)

எனக்கு 45 வயது. மூன்று வருடமாகக் காலையில் தனியாக 40 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறேன். மகளுக்கு 13, மேட்டில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். தம்பிக்கு 34, பார்வை பெரும்பாலும் போய்விட்டது, ஒரு காலத்தில் நன்றாக ஓட்டியவன். மூன்று பேருக்குமே ரேஸ் ஆசை. "ரோடு ரேஸ் இருபது வயதுப் பையன்களுக்கு, அதுவும் ஒரு விரலில் தூக்குகிற வண்டி இருந்தால்தான்" என்கிறார்கள் நண்பர்கள். நிஜமா?

மார்ச் 2, இரவு

இல்லை. வயதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் 2016 ரியோ ஒலிம்பிக்கில், கடிகாரத்தோடு தனியாக மோதும் டைம் டிரையலில் தங்கம் வாங்கியது 43வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் அது. கிறிஸ் ஹார்னர் ஸ்பெயினின் மூன்று வார ரேஸான வுவெல்டாவை 2013இல் ஜெயித்தபோது அவருக்கு 41. இவர்கள் வாழ்நாள் முழுக்க இதையே செய்தவர்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். உங்களுக்கு வேண்டிய பதில் வேறு: நீங்கள் இருபது வயதுக்காரரோடு மோதப் போவதே இல்லை. சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ கணக்கில் 17, 18 வயது ஜூனியர். 19 முதல் 22 வரை இருபத்து மூன்றுக்குட்பட்டோர். அதற்கு மேல் எலீட். 30 ஆனதும் மாஸ்டர்ஸ் வந்துவிடும், அதைப் பெரும்பாலும் ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள். நீங்கள் 45–49 கூட்டத்தில் நிற்பீர்கள்.

அந்தக் கூட்டம் மெதுவாகப் போகும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இருபது வருடமாக ரேஸ் ஓட்டுகிறவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு மூச்சு குறைந்திருக்கலாம், சாமர்த்தியம் குறையவில்லை.

மார்ச் 3, காலை

ரேஸ் வகைகளைக் கேட்டிருக்கிறார்கள். டைம் டிரையலில் ஒவ்வொருவராக, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இடைவெளி விட்டுக் கிளப்பி விடுவார்கள். நீங்கள், கடிகாரம், அவ்வளவுதான். யார் பின்னாலும் ஒதுங்கக் கூடாது. கிரிட்டீரியம் என்பது சின்னச் சுற்றுப்பாதையில் பல சுற்று, எல்லாரும் ஒன்றாக, வளைவுக்கு மேல் வளைவு. ரோடு ரேஸில் நீளமான பாதை, ஒரே கும்பலாகப் புறப்பாடு, மேடும் காற்றும் சேர்ந்து கும்பலைச் சல்லடை போடும். மலையேற்றப் போட்டிக்குப் பெயரே போதும். கிரான் ஃபோண்டோவில் ஆயிரக்கணக்கில் திரள்வார்கள். முன்வரிசைக்கு அது ரேஸ், பின்வரிசைக்கு நீண்ட நாள் உலா. இரண்டும் மரியாதையானதே.

முதலில் டைம் டிரையல் போங்கள், மூன்று பேருமே. கும்பல் இல்லை, பயம் இல்லை.

மார்ச் 3, மதியம்

வண்டி பற்றி. யூசிஐ ரேஸ்களில் வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்றே விதி. எடைப் பைத்தியத்துக்கு மேலேயே கடிவாளம் போட்டிருக்கிறார்கள். உங்கள் வண்டி 9 கிலோ என்றால் சமதளத்தில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய தெரியாது. பிரேக் பிடிக்க வேண்டும், செயின் சுத்தமாக இருக்க வேண்டும், டயரில் வெட்டு இருக்கக் கூடாது.

அப்புறம், ஹேண்டில்பார் முனை மூடி. நாணய அளவுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் அடைப்பு. அது இல்லாததால் என்னோடு வந்த ஒருவரைப் பரிசோதனை மேசையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் கோபப்பட்டார். நடுவர் ஒன்றும் பேசாமல் அந்தத் திறந்த குழாய் விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, பதிந்த வட்டத்தைக் காட்டினார். விழும்போது அது தொடையில் இறங்கினால் சதையைத் தோண்டி எடுத்துவிடும். ரேஸுக்கு முந்தைய இரவு இரண்டு முனையையும் தொட்டுப் பார்ப்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

மார்ச் 4, இரவு

இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான், அதனால் நீளும்.

தனியாக ஓட்டுகிறவருக்குக் காற்று தெரியும், காற்றின் கணக்கு தெரியாது. சமதளத்தில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது உங்கள் சக்தியில் பத்தில் எட்டுப் பங்குக்குக் குறையாமல் காற்றைத் தள்ளவே செலவாகிறது. அந்தச் செலவு வேகத்தின் மும்மடியாக ஏறும். 30 கி.மீ. வேகத்தை 36 ஆக்கினால் கூடியது ஐந்தில் ஒரு பங்கு. காற்றுக்குக் கொடுக்க வேண்டியது 1.7 மடங்கு. ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் இந்தக் காற்றுத் தடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். பெரிய கும்பலுக்கு நடுவே இன்னும் வினோதம். காற்றியக்க ஆய்வாளர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட பெலோட்டானை, அதாவது ரேஸின் பெருங்கும்பலை, கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்து 2018இல் எழுதினார்கள்: நடுப்பின்பகுதியில் இருப்பவருக்குத் தனியாகப் போகிறவரின் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான். அவ்வளவு பெரிய, நெருக்கமான கும்பல் நமக்கு வாய்க்காது. ஆனால் விளையாட்டின் சூட்சுமம் அந்த எண்ணில் இருக்கிறது. காற்று மறைவில் உட்காரத் தெரிந்தவரைப் பலசாலி கழற்றிவிட முடியாது.

எனக்கு இது புரிந்தது 38 வயதில், முதல் கிரிட்டீரியத்தில். 800 மீட்டர் சுற்று, நான்கு வளைவு, 25 சுற்று. தனியாகவே 34 கி.மீ. வேகம் பிடிப்பேன்; கும்பலின் சராசரி 36 என்றார்கள்; பயமே இல்லை. யாரையும் இடித்துவிடக் கூடாதே என்று கடைசியில் நின்றுகொண்டேன். ஏழாவது சுற்றில் கழன்றுவிட்டேன். கால் எரிந்தது, மூச்சு தொண்டையில் நின்றது, எனக்கு வயதாகிவிட்டது என்று நம்பியே வீடு திரும்பினேன்.

இரவு மீட்டர் பதிவைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் வேகம் 21க்கு இறங்கி, உடனே 42க்குப் பாய்ந்திருந்தது. முன்வரிசையில் ஓட்டிய ஒருவரின் பதிவையும் கேட்டு வாங்கினேன்: அவர் 33இல் நுழைந்து 31இல் வெளியே வந்திருக்கிறார். ரப்பர் நாடாவை இழுத்துவிட்ட மாதிரி, முன்னால் ஒருவர் லேசாகப் பிரேக் தொட்டால் வாலில் இருப்பவர் பாதி நின்றுவிட்டு மறுபடி பாய வேண்டும். நான்கு வளைவு, 25 சுற்று: வாலில் இருப்பவருக்கு நூறு ஸ்பிரிண்ட். முன்வரிசைக்காரருக்கு ஒன்றுகூட இல்லை. என் கால் அவர் காலைவிட அதிகம் உழைத்திருந்தது.

எனவே உங்கள் 40 கிலோமீட்டரை 60 ஆக்குவதால் ரேஸ் வராது. நம்பிக்கையான ஒருவரோடு, வண்டி நடமாட்டம் இல்லாத பாதையில், அவர் பின்சக்கரத்துக்கு மூன்று முழம் பின்னால் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் ஒரு முழத்துக்கு வாருங்கள். சக்கரத்தையே முறைக்காதீர்கள், அவர் தோளையும், அதைத் தாண்டிச் சாலையையும் பாருங்கள். வேகம் மிஞ்சினால் பிரேக்கை அமுக்க வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் தலையை நீட்டிக் காற்று வாங்கினால் அதுவே வேகத்தைக் குறைக்கும். உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏறி நிற்க விடவே கூடாது. அவர் அரை அடி நகர்ந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீங்கள்தான்.

மார்ச் 5

விட்டுப்போனது: புல்தரை. இரண்டு பேர் புல்லில் நடைவேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, வேண்டுமென்றே தோளோடு தோள் உரச வேண்டும். முழங்கை மடங்கியிருந்தால் உடம்பு அதை வாங்கிக்கொள்ளும், நேராக விறைத்திருந்தால் ஹேண்டில் திரும்பிவிடும். பத்து நிமிடத்தில் உடம்புக்கே புரிந்துவிடும். குழந்தைகள் இதைச் சிரித்துக்கொண்டே செய்வார்கள், நமக்குத்தான் அரை மணி நேரமாகும்.

மார்ச் 6

மகளைப் பற்றி.

பிரிவுக்கான வயதை அந்த ஆண்டில் எத்தனை வயது நிறைகிறது என்று வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஜனவரியில் பிறந்த குழந்தையும் டிசம்பரில் பிறந்த குழந்தையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். 13 வயதில் அந்தப் பதினொரு மாதம் பெரிய மலை. ஒருத்தி வளர்ந்து முடித்திருப்பாள், இன்னொருத்தி ஆரம்பித்தே இருக்க மாட்டாள். இந்த வயதில் வரும் முதலிடத்தையும் கடைசியிடத்தையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு விளையாட்டு விளையாடுகிறாளா? விடச் சொல்லாதீர்கள். ரெம்கோ ஈவெனபூல் 2017 வரை கால்பந்துக்காரர். 2018இல் ஜூனியர் உலகப் போட்டியில் ரோடு ரேஸ், டைம் டிரையல் இரண்டிலும் தங்கம். பின்னாளில் சைக்கிளில் பெரிய பெயர் எடுத்த பிரிமோஷ் ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டலில் ஜூனியர் உலகச் சாம்பியன் அணியில் இருந்தவர். எல்லாருக்கும் அப்படி நடக்காது, ஆனால் 13இல் கதவைச் சாத்த வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மேடு ஏறுகிற பெண் பிள்ளையிடம் எடையைப் பற்றிப் பேசாதீர்கள், பாராட்டாகக்கூட. இந்த விளையாட்டில் அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்திருக்கிறேன். மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ பயிற்சி நன்றாக நடக்கிறது என்று அர்த்தம் இல்லை; ஓட்டுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். அப்படியானால், எலும்பு கட்டுகிற வயதில் அது பின்னால் ஈடுகட்ட முடியாத நஷ்டம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கியருக்கு வரம்பு உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூனியர்களுக்கு ஒரு முழு மிதிக்கு 7.93 மீட்டருக்கு மேல் வண்டி நகரக் கூடாது. 52 பல் முன்னால், 14 பல் பின்னால், ஏறக்குறைய அது.

மார்ச் 7

திருத்தம். நேற்று எழுதிய 7.93 மீட்டர் விதியை யூசிஐ 2023 ஜனவரி முதல் ஜூனியர்களுக்கு எடுத்துவிட்டது. பழைய பழக்கத்தில் எழுதிவிட்டேன், சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. ஆனால் சில தேசியக் கூட்டமைப்புகள் இன்னும் சிறிய வயதுப் பிரிவுகளுக்குத் தங்கள் வரம்பை வைத்திருக்கின்றன. எனவே பதிவு செய்யும்போது கேட்டுவிடுங்கள்.

அளக்கிற விதமும் அழகானது. தரையில் கோடு, அங்கிருந்து கொஞ்சம் தூரத்தில் இன்னொரு கோடு. பெரிய கியரில் போட்டு, மிதிக்கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, வண்டியைப் பின்னோக்கி உருட்டுவார்கள். மிதி ஒரு முழுச் சுற்று வருவதற்குள் சக்கரம் இரண்டாவது கோட்டைத் தாண்டினால் போச்சு. புது டயர், கூடுதல் காற்று என்றால் சக்கரச் சுற்றளவு கூடி, கோட்டில் தட்டிவிடும். கண்ணீரோடு நின்ற ஒரு பையனின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டதும் அவன் தேறியதை ஒரு முறை பார்த்தேன்.

விதி போனாலும் அதன் நல்ல பக்கம் போகவில்லை. சின்னக் கியரில் வேகமாக மிதிக்கப் பழகிய கால் பிற்காலத்தில் எந்த வேக மாற்றத்துக்கும் தயாராக இருக்கும்.

மார்ச் 9

"45 வயதில் எப்படிப் பயிற்சி?" முதலில் மருத்துவப் பரிசோதனை. நெஞ்சில் அழுத்தம், மயக்கம், வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் அதைப் பார்த்த பிறகே ரேஸ்.

அதற்குப் பிறகு எளிது. பெரும்பாலான நேரம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடுமை: ஒரு நாள் 4 நிமிட மேடு நான்கைந்து முறை, ஒரு நாள் 10, 15 விநாடிப் பாய்ச்சல்கள். இருபது வயதில் வாரம் மூன்று கடுமையான நாள் தாங்கும். நமக்கு மூன்றாவது நாள் பலனைத் தின்றுவிடும். எடை தூக்குவதையும் விடாதீர்கள். சைக்கிளில் உடம்பின் பாரம் எலும்பில் இறங்குவதில்லை. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட எலும்போடு விழுவதுதான் ஆபத்து.

இருபது நிமிடம் முழுமூச்சில் ஓட்டி, சராசரி வாட்ஸில் (மிதிக்கும் சக்தியின் அளவு) 95 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் சோதனையை உங்களுக்கு வைத்துக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மகளுக்கு வேண்டாம். அவளுக்கு எண் தேவையில்லை, நண்பர்கள் தேவை.

மார்ச் 12

தம்பிக்கு எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா சைக்கிளிங்கில் பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குப் பி பிரிவு: இரட்டைச் சைக்கிள், டாண்டம். முன்னால் பார்வையுள்ள பைலட், பின்னால் ஸ்டோக்கர். கொஞ்சம் தெரிகிறவரும் முற்றிலும் தெரியாதவரும் ஒரே பிரிவு. 1984இலிருந்தே பாராலிம்பிக்கில் சைக்கிள் உண்டு. ஸ்டோக்கரை "கூட்டிக்கொண்டு போகிறார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலுவில் பெரும் பங்கு பின்னாலிருந்தும் வருகிறது, முன்னால் இருப்பவருக்கு ஓட்டுகிற வேலையும் இருக்கிறதே.

நான்கு வருடம் ஒருவருக்கு பைலட்டாக ஓட்டினேன். முதல் நாள் புறப்படுவதற்கே நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு பேரின் மிதியும் செயினால் பிணைந்து ஒன்றாகவே சுழலும். நான் சொல்லாமல் மிதிப்பதை நிறுத்தினால் அவர் முழங்காலில் அடி விழும். எனவே எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்தோம். "விடு" என்றால் மிதிப்பதை நிறுத்தி உருளவிட வேண்டும். "பள்ளம்" என்றால் இடுப்பைத் தூக்க வேண்டும். "கியர்" என்றால் ஒரு கணம் காலை இலேசாக்க வேண்டும். வளைவுக்கு முன் "இடது, கூர்மை" என்பேன், அவர் என்னோடு சாய்வார். அவர் சாயாமல் நிமிர்ந்தால் வண்டி திரும்பாது, அவ்வளவுதான். மேட்டில் டாண்டம் தவழும். இறக்கத்தில் இரண்டு பேர் எடை, காற்றுத் தடையோ ஒருவரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கல் மாதிரி இறங்கும்.

ஒரு ரேஸில் கடைசி ஐந்து கிலோமீட்டர். பின்னாலிருந்து அவர் குரல்: "இடது பக்கம் ஒரு ஜோடி வருது. செயின் காய்ஞ்சு கிடக்கு, மேட்டுல கியர் மாத்துவாங்க, அப்போ போ." நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. மேட்டில் பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டது, நாங்கள் எழுந்து மிதித்தோம். நான்காவது இடம் எங்களுக்கு. எனக்குக் கேட்காத செயின் அது.

அவர் வேலை நிமித்தம் தூரமாகப் போய்விட்டார். டாண்டம் சுவரில் தொங்குகிறது.

மார்ச் 13

மற்ற பாரா பிரிவுகளையும் கேட்டிருக்கிறார்கள். சாதாரணச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சி1 முதல் சி5. சமநிலை வராதவர்களுக்கு மூன்று சக்கரம், டி1, டி2. கையால் சுழற்றும் ஹேண்ட்சைக்கிள் எச்1 முதல் எச்5. எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். எச்5 மட்டும் முழங்காலிட்டு ஓட்டுவது, மற்றவை படுத்தவாறு.

சாரா ஸ்டோரி 1992இல் 14 வயதில் நீச்சல் வீராங்கனையாகப் பாராலிம்பிக் போனவர். பிறகு சைக்கிளுக்கு மாறி, 2024 பாரிஸில் 46 வயதில் இரண்டு தங்கம் எடுத்தார், மொத்தம் 19. வயதையும் திறனையும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தோம், அவர் இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிட்டார்.

மார்ச் 16

மார்ச் 3இல் மூன்று பேரையும் டைம் டிரையலுக்குப் போகச் சொன்னேன். இரண்டு வாரமாக அதையே யோசிக்கிறேன். மகளுக்கும் தம்பிக்கும் இன்னும் அதுதான் சரி. உங்களுக்கு இல்லை. மூன்று வருடம் தனியாகவே ஓட்டியவருக்கு டைம் டிரையல் அதே தனிமையைத்தான் கொடுக்கும். ஒன்று போங்கள், நம்பிக்கை வரட்டும். அதற்கடுத்தது புதியவர்களுக்கான கிரிட்டீரியமாக இருக்கட்டும், முன்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். முடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

தனியாக ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு நாள் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆன்னா கீசன்ஹோஃபர் ஆஸ்திரியக் கணிதவியலாளர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தபோது அவர் எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. 137 கிலோமீட்டர் ரேஸில் புறப்பட்டவுடனேயே தாக்கி, கடைசி 40 கிலோமீட்டர் தனியாகப் போய் ஜெயித்தார். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. முன்னால் ஒருத்தி இருக்கிறாள் என்பதே தெரியாமல், இரண்டாவதாக வந்த அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தான் ஜெயித்ததாகக் கையைத் தூக்கினார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் கடைசிக் கிலோமீட்டரில் மயிர்க்கூச்செறிகிறது.

மார்ச் 20

விழுந்ததைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், ஒரு முறை மோசமாக. ஈரமான வளைவு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த உச்ச அளவுக்குக் காற்று அடித்திருந்தேன். அது தாங்கும் வரம்பு, ஓட்டும் அளவு அல்ல என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம். இப்போது 28 மில்லிமீட்டர் டயர், என் எடைக்கு ஏற்ற குறைவான காற்று, மழையென்றால் இன்னும் கொஞ்சம் குறைவு.

ஹெல்மெட்டுக்கு விவாதமே வேண்டாம். தொழில்முறை ரேஸில் அது கட்டாயமானது 2003இல், ஆந்திரேய் கிவிலேவ் பாரிஸ்–நீஸ் ரேஸில் விழுந்து இறந்த பிறகு.

ஏப்ரல் 6

இழையைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார்: 10 கிலோமீட்டர் டைம் டிரையலில் மகள் 19 நிமிடம் 40 விநாடி, அவர் 17 நிமிடம் 5. இரண்டு பேருமே திரும்புமிடத்தில் நேரத்தைத் தொலைத்ததாகச் சொல்கிறார்.

அங்கேதான் எல்லாரும் தொலைப்போம். திரும்புமிடத்துக்கு 50 மீட்டர் முன்பே கியரை இலேசாக்குங்கள், திரும்பிய பிறகு அல்ல. பிரேக் முழுவதும் நேர்கோட்டிலேயே முடிய வேண்டும். வெளிப்பக்கக் கால் கீழே, உள்பக்கக் கால் மேலே. கூம்பைப் பார்க்காமல், தோளுக்கு மேல் திரும்பி, போக வேண்டிய சாலையைப் பாருங்கள். கண் போகிற பக்கம் வண்டி போகும். வெளியே வந்ததும் எழுந்து ஏழெட்டு மிதி, பிறகு உட்காருங்கள். காலியான இடத்தில் இரண்டு தண்ணீர் பாட்டிலை ஆறு மீட்டர் இடைவெளியில் வைத்து அவற்றைச் சுற்றி ஓட்டிப் பழகலாம். இரண்டு பக்கமும் பழகுங்கள், எல்லாருக்கும் ஒரு பக்கம் வராது.

தம்பிக்கு பைலட் கிடைத்தாரா என்று எழுதவில்லையே. மிதி சுழலும் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேல்பகுதி வரை அவருக்கு எத்தனை சென்டிமீட்டர் வேண்டும் என்று அளந்து தனிமடலில் அனுப்புங்கள். என் டாண்டத்தின் பின்இருக்கை 74 வரை ஏறும். அதற்கு மேல் என்றால் நீளமான குழாய் தேட வேண்டும், அதை இந்த வாரமே தேடிவிடுகிறேன்.